‘ஓங்கு’, ‘ஒடுங்கு’ என்னும் சொற்கள் பொருந்துமா?

மரபியலைத் தமிழில் எழுதுவோர் ஒரு பண்பை ‘ஓங்கு பண்பு’ என்றும், அதன் இணையை ‘ஒடுங்கு பண்பு’ என்றும் வழங்குகின்றனர். மோனை நன்றாகவே அமைந்திருக்கிறது. குறை பொருளில் உள்ளது. இச்சொற்களைக் கேட்கும் மாணவன், வலிய மரபணு மெலிந்ததை அடக்கி ஆள்கிறது என்றே எண்ணிக்கொள்கிறான்.

மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சியில் ஆண்ட சொல்லோ பின்வாங்குதல் என்னும் கருத்தினது. கலப்பில் மறைந்த பண்பு அடுத்த தலைமுறையில் மாறாமல் மீண்டது கண்டே அப்பெயரிட்டார். ‘ஒடுங்கியது மீளத் தோன்றும் அன்றோ?’ எனச் சைவ நூல் கற்றோர் வினவலாம். தகுந்த வினாவே, ஆனால் பள்ளி மாணவனுக்கு அப்பொருள் எட்டாது.

குருதி வகையை நோக்குக. அதற்குரிய மரபணுவுக்கு ஏ, பி, ஓ என மூன்று மாற்று வடிவங்கள் உண்டு. இவற்றையே அல்லீல்கள் என்பர். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒருவரிடம் இரண்டு இருக்கும். செங்குருதி அணுவின் மேலுள்ள ‘எச்’ என்னும் பொருளோடு ஒருவகைச் சர்க்கரையைச் சேர்க்கும் நொதியை ஏ ஆக்குகிறது. பி ஆக்கும் நொதி வேறொரு சர்க்கரையைச் சேர்க்கிறது. ஓ தரும் நொதி வேலை செய்வதில்லை. ஏயும் ஓவும் கூடினால் ஏ மட்டுமே தோன்றும். ஓவை எவரும் அடக்கவில்லை. அது சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவே. ஏயும் பியும் கூடினால் இரண்டுமே வெளிப்படும். அங்கே ஓங்கியது எது, ஒடுங்கியது எது?

இன்னும் ஒன்று உண்டு. ‘எச்’ பொருளை ஆக்குவது வேறொரு மரபணு. அதன் இரு படிகளும் பழுதாயின் ‘எச்’ இல்லை. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? பி மரபணு குறைவின்றி இருந்தும், வழக்கமான சோதனையில் அவர் ‘ஓ’ வகையினராகவே தோன்றுவார். இவ்வரிய வகையைப் பெண்டேயும் உடனாய்ந்தோரும் 1952-இல் பம்பாயிலிருந்து அறிவித்தனர். ‘பம்பாய் வகை’ என்னும் பெயர் அதனால் வந்தது. இவர்களுக்குப் பிறருடைய ஓ வகைக் குருதியை ஏற்றினாலும் உயிருக்கு ஆபத்து.

இத்தகைய தந்தைக்கும் ஏ வகைத் தாய்க்கும் ஏபி வகைப் பிள்ளை பிறக்கக்கூடும். வகுப்பில் வரைந்த கட்டத்தை மட்டும் நம்பியவன், ‘ஓ வகைத் தந்தைக்கு ஏபி பிள்ளையா?’ என்று குற்றமற்ற தாயின் மீது ஐயங்கொள்வான். கட்டத்தைக் கற்பிக்கும் பாடநூலில் இந்த விலக்குக்கு இரண்டு வரி ஒதுக்கினால் என்ன?

‘வெளிப்படு பண்பு’, ‘மறை பண்பு’ என்பன எனக்கு ஏற்புடையனவாகப் படுகின்றன. மறைந்தது எனின், எதனால் மறைந்தது என்று மாணவன் கேட்பான்; இணை அல்லீலாலா, வேறொரு மரபணுவின் பழுதாலா என ஆசிரியர் விளக்க வழி பிறக்கும். ‘ஒடுங்கு’ என்ற சொல் அக்கேள்வியை எழுப்புவதில்லை.