அழைப்பும் உரிமையும்: ஜான் பெரெண்ட்டின் சவன்னா நூலில் விருந்தோம்பல்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான ஜார்ஜியாவில், 1733இல் ஜேம்ஸ் ஓகில்தார்ப்பால் நிறுவப்பட்ட சவன்னா, இன்று தன்பாலீர்ப்பாளரை வரவேற்கும் நகரம் எனச் சுற்றுலா எழுத்துகளில் போற்றப்படுகிறது. விடுதி, உணவகம் ஆகியவற்றின் பெயரோடு அவ்வரவேற்பும் ஒரு வசதியாகக் குறிக்கப்படுகிறது. வரவேற்பைத் தனியே அறிவிக்க வேண்டியிருப்பதே, வரவேற்காதிருக்கவும் இயலும் என்பதை உணர்த்திவிடுகிறது. சவன்னாவின் பெயரை உலகறியச் செய்த ஜான் பெரெண்ட்டின் 'மிட்நைட் இன் த கார்டன் ஆஃப் குட் அண்ட் ஈவில்' (1994) என்னும் நூல், பெரும்பாலும் அந்நகரின் தாராளமனத்தைக் கொண்டாடும் நூலாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. 216 வாரங்கள் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் நின்ற நூலுக்கு அவ்வாசிப்பு வசதியானதுதான். ஆயின், நூலில் விருந்துகள் நிகழும் இடங்களைக் கூர்ந்து நோக்கினால், அங்குத் தாராளமனம் என்று தோன்றுவது விருந்தளிப்பவர் தரும் அனுமதியே என்பது புலப்படும்.

பழம்பொருள் வணிகரான ஜிம் வில்லியம்ஸ் மான்டெரி சதுக்கத்திலுள்ள மெர்சர் இல்லத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விருந்தளிக்கிறார். ஓரிரவு நகரின் மேட்டுக்குடியினர்க்கு. மற்றோர் இரவு ஆண்களுக்கு மட்டும். அழைக்கப்படுவோரின் பெயர்களை அட்டைகளில் எழுதி, 'உள்ளே', 'வெளியே' என இரண்டு அடுக்குகளாக வைத்திருப்பவர் அவர். இவ்விரண்டு இரவுகளையும் பிரிக்கும் சுவரே நூலின் உண்மையான கட்டமைப்பு எனலாம். வில்லியம்ஸின் பாலீர்ப்பு பலருக்குத் தெரிந்ததே. முதல் இரவின் மேசைக்கு அது வாராதவரை எவர்க்கும் இடையூறில்லை. 1981 மே 2 அன்று, தம்மிடம் பணியாற்றிய டேனி ஹான்ஸ்ஃபோர்ட் என்னும் 21 வயது இளைஞரை அவர் சுட்டுக்கொன்றபோது அச்சுவர் இடிந்தது. இருவருக்குமிடையிலான உறவு நீதிமன்றத்தில் உரக்கப் பேசப்பட்டது. நான்கு முறை விசாரணை நடந்தது; அகஸ்டா நகருக்கு மாற்றப்பட்ட நான்காம் விசாரணையில் 1989இல் விடுதலை கிடைத்தது. அட்டைகளை அடுக்கியவரே ஊராரின் அட்டையடுக்கில் இடம் மாறிய கதை இது. அவ்வாறு மாற்றியோருக்கு நூல் கடுமை காட்டவில்லை என்பது அதன் குறையே.

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியமும் அப்பொருளில் அதனை ஆள்கிறது. அறியாத புதியவரே விருந்தினர் என்னும் அந்த அளவுகோலால் நோக்கின், மெர்சர் இல்லத்தில் நிகழ்வது விருந்தோம்பல் ஆகுமா என்பதே ஐயத்திற்குரியது.

சவன்னாவில் உணவு மேசை உரிமையான வரலாறு வேறிடத்தில் உள்ளது. 1960 மார்ச் 16 அன்று, வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாயிருந்த லெவி பேரங்காடியின் உணவுப்பகுதியில் கறுப்பின மாணவர் அமர்ந்து கைதாயினர். தொடர்ந்த புறக்கணிப்பால் வணிகர் இறங்கிவந்தனர். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விடுதிகளிலும் உணவகங்களிலும் இனம், நிறம், சமயம், பிறப்புநாடு ஆகியவற்றின்பேரில் மறுப்பதைத் தடைசெய்தது. அதனை எதிர்த்து அட்லாண்டாவின் தங்கும் விடுதி ஒன்று தொடுத்த வழக்கு அவ்வாண்டே உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இப்பட்டியலில் பாலும் இல்லை, பாலீர்ப்பும் இல்லை. ஜார்ஜியாவின் கிளேட்டன் வட்டத்திலிருந்து எழுந்த பாஸ்டாக் வழக்கின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பாலீர்ப்பைக் காரணமாக்கிப் பணிநீக்கம் செய்வதைச் சட்டவிரோதமாக்கியது. அது வேலைவாய்ப்பு பற்றியதே, விடுதியறை பற்றியதன்று. பெரெண்ட்டின் நூல் வெளிவந்த ஆண்டில், மூடிய அறைக்குள் நிகழும் தன்பாலுறவையும் குற்றமாக்கும் சட்டம் ஜார்ஜியாவில் நடைமுறையில் இருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1998இல்தான் அதனை நீக்கியது. இப்பின்னணியில் நூலின் இனிய மாலைப்பொழுதுகளை மீண்டும் வாசிக்கும்போது, அவற்றின் இனிமை எவ்வளவு பாதுகாப்பற்றது என்பது தெரிகிறது. நூலோ இச்சட்டத்தைவிட மாளிகைகளின் அறைகலன்களில் அதிகம் ஈடுபடுகிறது.

கதைசொல்லியின் நிலையும் ஆய்வுக்குரியது. நிகழ்ச்சிகளின் காலவரிசையில் உரிமை எடுத்துக்கொண்டதாகப் பெரெண்ட் தம் பின்குறிப்பில் ஒப்புகிறார். உண்மையில் கொலைக்குப் பின்னரே வில்லியம்ஸை அறிந்தவர், நூலில் கொலைக்கு முன்னரே அவர் வீட்டு விருந்தினராகிவிடுகிறார். இது வெறும் கதையுத்தி அன்று. மேசையில் இடம்பிடித்தவனின் கண்ணே நூலின் கண் ஆகிறது. நல்ல விருந்தினன் கேட்கக்கூடாதவற்றை அவன் கேட்பதில்லை. தன் பாலீர்ப்பைப் பற்றியும் வாய்திறப்பதில்லை.

இந்த நாகரிகத்தின் எல்லையைக் காட்டுபவர் லேடி ஷப்லீ. 'கிளப் ஒன்' அரங்கின் கலைஞரான இத்திருநங்கை, கறுப்பின மேட்டுக்குடியினரின் இளம்பெண் அறிமுக நடனவிழாவுக்குத் தம்மையும் அழைத்துச்செல்லுமாறு கதைசொல்லியைக் கேட்கிறார். அவன் மறுக்கிறான். ஷப்லீ அழைப்பின்றியே வந்து சேர்கிறார், ஆடுகிறார், உண்கிறார். இப்பகுதி நகைச்சுவைக்காகவே பெரிதும் பாராட்டப்படுகிறது. ஆயின், நூலெங்கும் அழைப்பைப் பொருட்படுத்தாமல் நுழையும் ஒரே மனிதரின் முன் கதைசொல்லி கூனிக் குறுகுவது, அவன் எந்த ஒழுங்கின் காவலனாக மாறியுள்ளான் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பெரெண்ட் இதை அறிந்து எழுதினாரா, அறியாமல் எழுதினாரா என்பது முக்கியமன்று. பனுவல் அதனை மறைக்கவில்லை.

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 1997ஆம் ஆண்டுத் திரைப்படம் ஷப்லீயைத் தம் பாத்திரத்தைத் தாமே ஏற்று நடிக்கச் செய்தது. கதைசொல்லிக்கோ, நூலில் இல்லாத ஒரு காதலியைக் கொடுத்தது.