வயதும் ஊதியமும்: இளையோர் சமத்துவமின்மை குறித்த சமூகவியல் விளக்கங்கள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரே பணிக்கு இளையோர் குறைவாகப் பெறுவதை வயதின் இயல்பு எனக் கொள்வோர் பலர். இச்சமத்துவமின்மையைச் செயற்பாட்டியம், மார்க்சியம், வெபரியம் ஆகிய மூன்று சமூகவியல் நோக்குகள் வெவ்வேறாக விளக்குகின்றன. அவற்றின் வலிமையையும் குறையையும் பிரித்தானியக் குறைந்தபட்ச ஊதிய விதிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

நகரும் எல்லை

பிரித்தானியாவில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, 22 வயது நிரம்பியோருக்கு மணிக்கு 3.60 பவுண்டும் 18 முதல் 21 வயது வரையானோருக்கு 3 பவுண்டும் வரையறுக்கப்பட்டன. முழு ஊதியத்திற்கான வயது 2010இல் 21 ஆகக் குறைந்தது. 2016இல் அறிமுகமான உயர் ஊதிய விகிதம் 25 வயது நிரம்பியோருக்கே உரியதாயிற்று. அவ்வெல்லை 2021இல் 23 ஆகவும், 2024இல் மீண்டும் 21 ஆகவும் மாறியது. 2025 ஏப்ரல் விகிதப்படி 21 வயது நிரம்பியோருக்கு 12.21 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டோருக்கு 7.55 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 62 விழுக்காடு. வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இவ்வேறுபாட்டிற்கு விலக்களிக்கிறது. கால் நூற்றாண்டில் நான்கு முறை நகர்ந்த எல்லையை இயற்கை வகுத்ததெனக் கூறுதல் பொருந்தாது.

மூன்று விளக்கங்கள்

டால்காட் பார்சன்ஸ் (1942), ஐசன்ஸ்டாட் (1956) ஆகியோர் இளமையைக் குடும்பத்திற்கும் பரந்த சமூகத்திற்கும் இடைப்பட்ட பாலமாகக் கண்டனர். இந்நோக்கின்படி குறைந்த ஊதியம் கற்கும் காலத்திற்குரியது. அனைவரும் கடந்து செல்வதால் அது அநீதியாகாது. ஆனால், தொழில் பழகுநருக்கெனத் தனி விகிதம் 2010 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே, பழகுநரல்லாத இளையோரின் குறைந்த விகிதம் திறனை அன்றி வயதையே அளக்கிறது. குறைந்த விகிதம் இளையோரின் வேலைவாய்ப்பைக் காக்கும் என்னும் வாதம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், அக்காப்பின் செலவை இளையோரே ஏற்க வேண்டியது ஏன் என்பதற்கு அவ்வாதம் விடை தரவில்லை.

மார்க்சியம் இளையோரை வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது விலக்கத்தக்க சேமப் படையாகக் காண்கிறது. யாருக்கு ஆதாயம் என்பதை இது தெளிவாக்குகிறது. எல்லை 25இல் நின்று பின் 21க்கு இறங்கியதை இதனால் மட்டும் விளக்க இயலாது. வெபரைப் பின்பற்றிப் பிராங்க் பார்கின் (1979) விரித்த சமூக அடைப்புக் கோட்பாடு, ஒரு குழு வாய்ப்புகளைத் தனக்கென வரையறுத்துப் பிறரை விலக்குவதை விளக்குகிறது. எல்லை வகுக்கும் அதிகாரம் இங்குப் புலப்படுகிறது. ஆனால், விலக்கப்பட்டோர் அனைவரும் ஒரே தன்மையினராகத் தோன்றுகின்றனர்.

மறைந்திருக்கும் குடும்பம்

இளையவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் தாங்கும் குடும்பம் ஒன்று உண்டு என்னும் கருதுகோள் அரசின் விதிகளில் உறைந்துள்ளது. அரசு உதவித்தொகையில் 25 வயதுக்குட்பட்டோருக்கு அடிப்படைத் தொகை குறைவு. தனியார் வாடகை வீட்டில் தனித்து வாழும் 35 வயதுக்குட்பட்டோருக்கு, பொதுவாகப் பகிர்வு வீட்டின் ஓர் அறைக்குரிய வாடகை உதவியே கிடைக்கும். அரசுப் பராமரிப்பில் வளர்ந்தோருக்கு 25 வயது வரை இவ்வாடகை விதியிலிருந்து விலக்கு உண்டு. குடும்பம் இல்லாதோரும் உளர் என்பதை அவ்விலக்கே ஒப்புக்கொள்கிறது. ஊதிய விதியில் அத்தகைய விலக்கு இல்லை.

முடிவுரை

அனைவரும் இளமையைக் கடக்கின்றனர் என்பது மெய்; ஒரே இழப்புடன் கடக்கின்றனர் என்பது மெய்யன்று. பெற்றோர் வீட்டில் வாழ்பவருக்குக் கைச்செலவுக் குறையாக அமையும் அதே வேறுபாடு, வாடகை செலுத்துபவருக்கு வாழ்வாதாரக் குறையாகிறது. ஆதலின் வயதை வர்க்கத்திலிருந்து பிரித்து நோக்கும் எவ்விளக்கமும் முழுமையுறாது. மார்க்சியம் காட்டும் ஆதாயத்தையும் வெபரியம் காட்டும் எல்லை வகுக்கும் அதிகாரத்தையும் குடும்ப வளத்தின் ஏற்றத்தாழ்வோடு இணைத்து நோக்கும்போதே இளையோர் சமத்துவமின்மை தெளிவுறும்.