தாளில் இல்லாத குழந்தை

இலக்கியம் இன்பத்துக்கென்றே பிறந்தது, அதற்கும் அரசியலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஓதிவரும் புலவர் பெருமக்கள் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் முன் இரண்டு அமெரிக்கப் படைப்புகளை வைக்க விரும்புகிறேன். ஒன்று, 1870-இல் வெளிவந்த பாடல். மற்றொன்று, 1909-இல் வெளிவந்த சிறுகதை. இரண்டும் அமெரிக்காவிலே குடியேறிய சீனரைப் பற்றியவை. இரண்டையும் எழுதியோர் சீனரின் பகைவர் அல்லர். எனினும், முன்னது சீனரை அடித்தோர் கையிலே தடியாயிற்று. பின்னதோ, அந்தத் தடி எந்த மரத்திலே வெட்டப்பட்டது, எவர் கூடத்திலே சீவப்பட்டது என்பதைக் காட்டிற்று. நோக்கம் ஒன்றாயிருந்தும் விளைவு வேறுபட்டது ஏன்?

பாடலை எழுதியவர் பிரெட் ஹார்ட். கலிபோர்னியாவிலே ‘ஓவர்லாண்ட் மன்த்லி’ எனும் திங்களிதழின் ஆசிரியர். நெஞ்சில் ஈரமற்றவர் என்று அவரை ஏசுவதற்கில்லை. 1860-இல், அந்நாட்டுப் பழங்குடிகளான வியோட் மக்களைப் பெண்டிர் என்றும் பிள்ளைகள் என்றும் பாராது வெள்ளையர் வெட்டிச் சாய்த்தபோது, தாம் பணியாற்றிய ஏட்டிலே அதைக் கண்டித்தெழுதி, ஊராரின் சினத்துக்கு ஆளாகி, அவ்வூரைவிட்டே வெளியேற நேர்ந்தவர். அத்தகையவர், சீனரைப் பழிப்போரை நையாண்டி செய்யவே பாடினார். பாடலிலே சீட்டாட்டம் நடக்கிறது. பில் நை எனும் வெள்ளையன், சட்டைக் கையிலே சீட்டுகளை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமறியாதவனைப்போலத் தோன்றும் ஆ சின் எனும் சீனனை ஏய்க்க முனைகிறான். சீனனோ எத்தனுக்கு எத்தன்! தோற்ற வெள்ளையன், மலிவுக் கூலிச் சீனனால் நாம் கெட்டோம் என்று கூவியபடி அவன்மீது பாய்கிறான். சீனனின் நீண்ட அங்கிக் கைகளிலிருந்து சீட்டுகள் கட்டுக்கட்டாகக் கொட்டுகின்றன.

இருவரும் ஏய்ப்பவரே; அதிலும் முதலில் ஏய்க்கத் துணிந்தவன் வெள்ளையனே; பிறகு சீனனை மட்டும் அடிப்பது எந்த நீதி? இதுதான் ஹார்ட் கேட்க எண்ணிய கேள்வி. நாடு கேட்டுக்கொண்டதோ வேறு! பாடல் ஏட்டுக்கு ஏடு தாவிற்று. ஆசிரியர் இட்ட தலைப்பை நீக்கிவிட்டு, சீனனை அஞ்ஞானி என்று இழித்துரைக்கும் தலைப்பைச் சூட்டினர். படங்கள் வரைந்து விற்றனர். ‘பார்த்தீரோ, கவிஞரே சொல்லிவிட்டார், சீனன் நம்பத்தகாதவன்’ என்று சீன எதிர்ப்பாளர் மேடைதோறும் முழங்கினர். பிற்காலத்திலே ஹார்ட் இப்பாடலை மிக மட்டமானது என்று தாமே வெறுத்துரைத்தார். எய்த அம்பு திரும்புமா?

படித்தவர்கள் பேதைகள், நையாண்டி புரியாதவர்கள் என்று கூறி ஹார்ட்டை விடுவிப்பார் உளர். நான் அவ்வாறு விடுவிக்கமாட்டேன். வெள்ளையனின் கள்ளச் சீட்டைக் கவிஞர் ஒரு வரியிலே சொல்லிவிட்டு நடக்கிறார். சீனனின் கள்ளச் சீட்டை மேசைமீது கொட்டி, எண்ணி, நம் கண்ணெதிரே பரப்புகிறார். மனத்திலே நிற்பது எது? பரப்பியதுதான் நிற்கும். தன் நேர்மையை வாசகர் ஊகித்துக்கொள்வர் என்று விட்டு, பகைவனுக்குப் பிடித்தமான படத்தை மட்டும் பளபளக்கத் தீட்டும் எழுத்தாளன், பகைவனுக்கே கூலியின்றி உழைக்கிறான்.

அந்தப் படத்துக்கு அன்று ஏன் அத்தனை கிராக்கி? கண்டத்தின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை 1869-ஆம் ஆண்டு மே திங்கள் 10-ஆம் நாள் முடிந்தது. மேற்குப் பகுதியிலே மலையைக் குடைந்து, பனியிலே புதைந்து, வெடிமருந்திலே சிதறி அப்பாதையை இட்டோரில் மிகப் பெரும்பாலோர் சீனர். அவர் தொகை பதினாயிரத்துக்கும் மேல். பாதை முடிந்தது, வேலையும் முடிந்தது. 1873-இல் பொருளாதாரச் சரிவு வந்தது. ஆலைகள் அடைபட்டன, கூலி குறைந்தது, தெருவெல்லாம் வேலையற்றோர். கோடி குவித்த இருப்புப்பாதை முதலாளிகள் சான்பிரான்சிஸ்கோவின் நாப் குன்றிலே மாளிகை கட்டி வாழ்ந்தனர்.

1877 சூலையிலே நடந்ததைப் பாருங்கள். கிழக்கே வேலைநிறுத்தம் செய்த இருப்புப்பாதைத் தொழிலாளருக்கு ஆதரவு தெரிவிக்கச் சான்பிரான்சிஸ்கோவிலே கூட்டம் கூடிற்று. நோக்கம் நேர்மையானது, எதிரி யார் என்பதும் தெளிவு. ஆனால் கூட்டம் கலைந்தபோது கிளம்பிய கும்பல் குன்றின்மேல் ஏறவில்லை. சந்துக்குள் இறங்கிற்று. சீனரின் சலவைக்கடைகளை அடித்து நொறுக்கிக் கொளுத்திற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அவ்வாண்டிலேயே டெனிஸ் கியர்னி என்பார் உழைப்பாளர் கட்சியின் தலைவராகி, முதலாளிகளையும் ஏசினார், சீனரையும் ஏசினார். பேச்சு எங்கே தொடங்கினும் ‘சீனர் வெளியேற வேண்டும்’ என்றே முடிப்பார். இந்தக் கியர்னி எந்த ஊர்? அயர்லாந்து! தாமே கடல் கடந்து வந்தேறியவர், வந்து பத்தாண்டும் நிறையாதவர், மற்றொரு வந்தேறியைப் பார்த்து ‘வெளியே போ’ என்கிறார். இருப்புப்பாதை முதலாளிகளுக்கு இதைவிட வாய்ப்பான வேலையாள் கிடைப்பானா?

மேடை முழக்கம் சட்டமாயிற்று. 1882-இல் சீனக் கூலித் தொழிலாளர் நுழையத் தடை. 1885-இல் வயோமிங் பகுதியின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கத்திலே 28 சீனரை வெள்ளைத் தொழிலாளர் கொன்று குவித்தனர். 1892-இல், கலிபோர்னியாவின் பேரவை உறுப்பினர் தாமஸ் கியரி கொணர்ந்த சட்டம் வந்தது. இனி, நாட்டுக்குள்ளே முறையாக வாழ்ந்துவரும் சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஓராண்டுக்குள் இருப்புச் சான்றிதழ் பெறவேண்டும். சான்றிதழ் இல்லாது பிடிபட்டால் நாடு கடத்தப்படுவர். நோயுற்றிருந்தேன், தவிர்க்க இயலாத இடர் நேர்ந்தது என்று கூறினால், சட்டம் வந்த நாளில் அவர் இந்நாட்டிலேதான் வாழ்ந்தார் என்பதற்குக் குறைந்தது ஒரு நம்பத்தக்க வெள்ளைச் சாட்சி வேண்டும்!

வெள்ளைச் சாட்சி. அந்தச் சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்த வீட்டுச் சீனர் கண்டது செல்லாது, உடன் உண்டவர் உரைத்தது செல்லாது. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சான்று சொல்ல இயலாது என்று கலிபோர்னியா உயர்மன்றம் 1854-இலேயே தீர்ப்பளித்து, கொலைத் தண்டனை பெற்ற வெள்ளையன் ஒருவனை விடுவித்தது உண்டு. சாட்சிக்குச் சாதி பார்க்கும் நீதியை மனுவின் ஏட்டிலே கண்டு பழகிய நமக்கு வியப்பொன்றுமில்லை. மனுவுக்கு வாஷிங்டனிலும் மாணாக்கர் இருந்தனர் என்பதுதான் செய்தி.

இத்தனை அச்சமும் எத்தனை பேரைக் கண்டு? 1890 கணக்கெடுப்பின்படி அமெரிக்க மக்கள் ஆறு கோடிக்கு மேல். சீனர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து ஏழாயிரம். ஐந்நூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை!

சீனர் அடங்கிவிடவில்லை. நாயின் கழுத்திலே கட்டும் வில்லைக்கு இதை ஒப்பிட்டனர். ‘ஆறு கம்பெனிகள்’ என்றழைக்கப்பட்ட சீனர் சங்கங்களின் கூட்டமைப்பு, எவரும் பதிய வேண்டாம் என்று அறிவித்தது, பெரும்பாலோர் பதியவில்லை. மூவர் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. அவர்களில் ஒருவர் சான்றிதழ் கேட்டே சென்றவர். அவர் அழைத்துவந்த சாட்சிகள் சீனர், ஆகவே நம்பத்தக்கவர் அல்லர் என்று அதிகாரி மறுத்துவிட்டார். பிறகு, சான்றிதழ் இல்லை என்று அவரையே பிடித்தனர்! 1893 மே 15-இல் ஐவர் ஒருபுறம் மூவர் மறுபுறமாக வந்தது தீர்ப்பு: சட்டம் செல்லும், நாடு கடத்தல் குற்றத்துக்கான தண்டனையே அன்று. வீட்டைப் பிரித்து, தொழிலைப் பறித்து, கடலுக்கப்பால் எறிவது தண்டனை இல்லையாம்! அவ்வாண்டின் இறுதியிலே காலக்கெடுவை ஆறு திங்கள் நீட்டி, சான்றிதழிலே நிழற்படமும் ஒட்ட வேண்டும் என்று திருத்தினர். ஹார்ட் பாடலின் சீட்டுகள் மேசையிலே கொட்டின. சட்டம் தந்த சீட்டு சீனரின் சட்டைப் பையிலே குடியேறிற்று.

இனி, கதைக்கு வருவோம். எழுதியவர் எடித் மாட் ஈட்டன். 1865-இல் இங்கிலாந்திலே பிறந்து கனடாவின் மாண்ட்ரியாலில் வளர்ந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் சீனர். வெள்ளைக்காரி என்றே உலவலாம், எவரும் ஐயுறார். அவரோ சூயி சின் பார் என்று சீனப் பெயர் பூண்டு, ஏசுவோர் நடுவிலே எழுந்து நின்று, நான் சீனத்தி என்றார். (இவருடைய தங்கை வினிபிரெட், சப்பானியப் பெயர் ஒன்றைப் புனைந்துகொண்டு நாவல்கள் எழுதிப் புகழீட்டினார். அன்றைய அமெரிக்காவிலே சீனர் என்றால் இளப்பம், சப்பானியர் என்றால் மதிப்பு. ஒரே வயிற்றிலே பிறந்த இருவர் பூண்ட இரு பெயர்களைப் பார்த்தாலே, இனப்பெருமை எனும் பொய்யின் விலைவாசி விளங்கும்.)

‘சுதந்திர நாட்டிலே’ என்பது கதையின் பெயர். அமெரிக்கர் தம் கொடியை வாழ்த்திப் பாடுகையிலே மார்தட்டிச் சொல்லும் சொற்கள் அவை. ஹோம் ஹிங் சான்பிரான்சிஸ்கோவிலே வணிகர். அவர் மனைவி லே சூ, பிள்ளைப்பேற்றுக்குச் சீனம் சென்றவள், குழந்தையோடு கப்பலிலே திரும்புகிறாள். கணவனுக்குத் தாள் இருக்கிறது, மனைவிக்கும் தாள் இருக்கிறது. குழந்தைக்கு இல்லை. சுங்க அதிகாரிகள் குழந்தையைப் பிரித்து எடுத்துச் செல்கின்றனர். மறுநாள் வந்துவிடும் என்று தேற்றுகின்றனர். நாள்கள் திங்களாகின்றன. இளம் வழக்கறிஞன் ஒருவன் வருகிறான், வாஷிங்டன் சென்று விரைவுபடுத்த ஐந்நூறு டாலர் கேட்கிறான். பெற்றவள் தன் நகைகளை அள்ளி வைக்கிறாள். பத்துத் திங்கள் கழித்துத் தாள் வருகிறது. பாதிரிமார் நடத்தும் இல்லத்துக்கு ஓடுகிறாள் தாய். அங்கே பிள்ளைக்கு வேறு பெயர், வேறு உடை. அவளைக் கண்டதும் வெள்ளைப் பெண்ணின் பாவாடை மடிப்பிலே ஒளிந்துகொண்டு, விலகிப்போகச் சொல்கிறது குழந்தை. கதை அதோடு நின்றுவிடுகிறது.

ஹார்ட்டின் பாடலோடு வைத்துப் பாருங்கள். சீனர் உத்தமர் என்று இக்கதை எங்கேனும் வாதாடுகிறதா? இல்லை. வெள்ளையர் கொடியர் என்கிறதா? அதுவும் இல்லை. குழந்தையைப் பறிக்கும் அதிகாரிகளில் ஒருவர், தமக்கே இந்த வேலை பிடிக்கவில்லை என்கிறார். இல்லத்துப் பெண்கள் குழந்தையைக் கொஞ்சித்தான் வளர்க்கின்றனர். வழக்கறிஞன் பணத்திலே கண்ணுடையவன். அவன் பெயர் கிளான்சி, கியர்னியின் அதே அயர்லாந்துப் பெயர்வழி என்பதை ஆசிரியர் ஓசையின்றி வைத்துச் செல்கிறார். அடிப்பவர் எவருமில்லை, ஆயினும் ஒரு தாய் பிள்ளையை இழந்துவிட்டாள். அவரவர் தம் கடமையைச் செய்தனர், தாள் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்! கொடுமைக்குக் கொடியவர் தேவையில்லை, கோப்பு போதும் என்பதை இதைவிட அமைதியாகக் காட்ட இயலுமா?

மற்றொன்றையும் கவனியுங்கள். சட்டம் தடுத்தது கூலித் தொழிலாளரை. வணிகருக்கு விலக்கு உண்டு. ஹோம் ஹிங் வணிகர். ‘நாம் மேலோர், நம்மை ஒன்றும் செய்யார்’ என்று எண்ணியிருக்கக்கூடிய குடும்பத்தின் வாயிலிலே வந்து நிற்கிறது சட்டம், அதுவும் கூலியென்றால் என்னவென்றே அறியாத மதலையைத் தேடி. ஐயத்தை அடிப்படையாக்கி ஒரு சட்டம் செய்தால், யார்மீது ஐயம் என்று வரையறுத்த வரி முதலிலே அழிந்துபோகும். கதாசிரியர் வணிகரை நாயகனாக்கியது இதற்காகவே என்று கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. இக்கதை இடம்பெற்ற தொகுப்பு 1912-இல் சிகாகோவிலே வெளிவந்தது. பதிப்பகத்தார் பக்கந்தோறும் பறவையும் பூங்கொம்புமாகக் கீழ்த்திசைக் கோலம் போட்டனர். கண்ணீர்க் கதையைச் சுற்றி விசிறி மட்டைச் சித்திரம்! அது ஆசிரியரின் குற்றமன்று. ஆனால் அத்தொகுப்பின் வேறு சில கதைகளிலே அவரே வெள்ளை வாசகரின் சுவைக்குச் சர்க்கரை கூட்டியிருக்கிறார். காதலும் பிணக்கும் கலந்து, சீனத் தெருவை வேடிக்கைக் கடையாக்கும் இடங்கள் உள. ‘சுதந்திர நாட்டிலே’ கதையிலும், நகைகளை அள்ளி வைக்கும் கட்டம் நாடகமேடைக்கு நெருங்கியது. சற்றுக் குறைத்திருந்தால் இன்னும் சுட்டிருக்கும்.

ஆசிரியர் 1914-இல் மறைந்தார். 1910 முதல் 1940 வரை, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவிலே, வந்திறங்கிய சீனரை அடைத்துவைத்து, உன் ஊரிலே வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையிலே என்றெல்லாம் வினவி, உறவினர் விடையோடு ஒத்துப் பார்த்தனர். அடைபட்டோர் மரச்சுவரிலே கவிதை செதுக்கினர். 1970-இல், கட்டடத்தை இடிக்க இருந்த வேளையிலே, பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கண்டார். நுழைவுத் தடை 1943-இல் நீங்கிற்று. சீனமோ அன்று போரிலே அமெரிக்காவின் கூட்டாளி. கதவைத் திறந்தனர், ஆண்டுக்கு 105 பேருக்கு! செனட்டு 2011-இலும் மக்களவை 2012-இலும் வருத்தம் தெரிவித்தன. 1893-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் எந்த மன்றமும் இன்றுவரை தள்ளிவிடவில்லை.

ஈட்டனின் நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து 1995-இல் மீண்டும் அச்சேறிற்று. தமிழாக்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். லே சூ கணவனோடு பேசுகையிலே அவள் மொழி அழகாக ஓடுகிறது, ஏனெனில் அங்கே அவள் பேசுவது சீனம். வழக்கறிஞன் முன்னே அதே நாவிலிருந்து உடைந்த ஆங்கிலம் வருகிறது. மொழிபெயர்ப்போர் இரண்டையும் ஒரே கொச்சையாக்கிவிட வேண்டாம். அதிகாரத்தின் மொழியிலே பேச நேரும்போதுதான் அவள் திக்குகிறாள்.