இலேசாக எண்ணப்படும் கொடுமை

அமெரிக்கச் சட்டப் பேராசிரியை டேனியல் சிட்ரன் எழுதி, ஹார்வர்ட் பல்கலைக்கழக அச்சகம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஹேட் கிரைம்ஸ் இன் சைபர்ஸ்பேஸ்' என்னும் நூல், இணையவழித் துன்புறுத்தல் பற்றிய விவாதங்களில் தவிர்க்க இயலாததாகிவிட்டது. அதன் மையக் கருத்து எளியது. முகம் மறைத்துப் பெண்கள்மீது ஏவப்படும் வசையும் மிரட்டலும் வெறும் விளையாட்டல்ல. கற்கவும் தொழில் செய்யவும் பொதுவெளியில் பேசவும் அவர்களுக்குள்ள உரிமையைப் பறிக்கும் செயல் என்கிறார் ஆசிரியர். இக்கருத்தை நாம் ஏற்கிறோம். ஆயினும், நம் நாட்டின் அண்மைக்கால அனுபவத்தை உரைகல்லாகக் கொள்ளும்போது நூலின் வலிமையும் வரம்பும் ஒருங்கே புலப்படுகின்றன.

நூலின் வலிமை அதன் வரலாற்றுப் பார்வையில் உள்ளது. 1970களுக்கு முன்னர், பணியிடத்தில் மேலாளரின் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்ணுக்கு 'வேறு வேலை தேடிக்கொள்' என்பதே பதிலாயிருந்தது. மனைவியை அடிப்பது குடும்ப விவகாரம் எனப்பட்டது. பெண்ணுரிமை இயக்கங்கள் இக்கொடுமைகளுக்குப் பெயரிட்டு, அவற்றைக் குற்றமாகக் காணச் செய்த பின்னரே சட்டத்தின் பார்வை மாறிற்று. இணையத்தில் இழிவுபடுத்தப்படும் பெண்ணிடம் இன்று 'கணக்கை மூடிவிடு' என்கிறோம். அன்றைய பதிலுக்கும் இன்றைய அறிவுரைக்கும் சாரத்தில் வேறுபாடில்லை. விலக வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே என்னும் தீர்ப்பு இரண்டிலும் உள்ளது.

இனி நம் அனுபவத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்னும் செயலி கிட்ஹப் தளத்தில் தோன்றியது. எண்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்கள் அவர்களுடைய சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டு, அவர்கள் விற்பனைக்குரிய பொருட்களைப் போலக் காட்டப்பட்டனர். 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என்னும் பெயரில் அதே இழிசெயல் மீண்டும் அரங்கேறியது. இம்முறை இலக்கானோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். இரு பெயர்களும் முஸ்லிம் பெண்களை இழிவுபடுத்தும் வசைச் சொற்களிலிருந்து உருவாக்கப்பட்டவை. பத்திரிகையாளர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் அப்பட்டியலில் இருந்தனர். காணாமற்போன தம் மகனுக்காக நீதி கேட்டுவந்த வயது முதிர்ந்த தாய் ஒருவரும் இருந்தார். அங்கு உண்மையில் எவரும் விற்கப்படவில்லை. பேசத் துணிந்த பெண்களை நாணச்செய்து மௌனமாக்குவதே நோக்கமாயிருந்தது.

சிட்ரன் நூலின் வரம்பு இவ்விடத்தில் வெளிப்படுகிறது. சட்டத்தைச் சீர்திருத்தினால், பாதிக்கப்பட்டோர் புனைபெயரில் வழக்குத் தொடுக்க வழிசெய்தால், நிறுவனங்கள் பொறுப்புணர்ந்தால் நீதி கிட்டும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் நாம் காணும் நிகழ்வில் சட்டம் இல்லாமற்போகவில்லை. 2021 ஜூலையிலேயே தில்லிக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தது. எனினும் ஆறு மாத காலம் எவரும் கைதாகவில்லை. இரண்டாவது செயலி தோன்றிய பின், மும்பைக் காவல்துறை சில நாட்களுக்குள் கைது நடவடிக்கைகளைத் தொடங்கிற்று. முதற்செயலியை உருவாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் அதே மாதத்தில் இந்தூரில் பிடிபட்டார்.

ஆறு மாதம் கிடைக்காத முகங்கள் சில நாட்களில் எவ்வாறு கிடைத்தன? அநாமதேயம் என்பது தொழில்நுட்பம் மட்டும் அளிக்கும் திரையன்று. தேட வேண்டியவர்களின் அலட்சியமும் சேர்ந்தே அத்திரையை நெய்கிறது. ஆகவே புனைபெயரையே ஒழித்துவிட வேண்டும் என்னும் கோரிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஊழலை வெளிப்படுத்தும் ஊழியருக்கும், தன் துயரை எழுதும் பெண்ணுக்கும் புனைபெயரே காப்பு. அதனை இயல்பான உரிமையாக அளித்து, பிறரைத் துன்புறுத்துவோர் அதனை இழக்கச் செய்யலாம் என்று சிட்ரன் கூறுவது நிதானமான நிலைப்பாடாகும்.

எனினும் பிறரின் அலட்சியத்தைக் குறைகூறுமுன் நம்மையும் நாம் விசாரித்துக்கொள்ள வேண்டும். 'படத்தை ஏன் பதிவேற்றினாய்?' என்னும் கேள்வி நம் இல்லங்களிலும் எழுகிறது. ஸூரதுந் நூர் பேசும் 'இஃப்க்' நிகழ்வை இங்கு நினைவுகூர்தல் தகும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது புனையப்பட்ட அவதூறு ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் நாவுக்கு நாவு பரவியது. அவ்வசனங்களின் கண்டனம் அவதூற்றைப் புனைந்தவர்களோடு நின்றுவிடவில்லை. கேட்டதைப் பரப்பியவர்களையும், கேட்டவுடன் மறுக்காதவர்களையும், அதனை இலேசான காரியமென எண்ணிய மனநிலையையும் அது சாடுகிறது. பழிசுமத்தப்பட்டவரிடம் 'ஏன் பின்தங்கினாய்?' என்று அவ்வசனங்கள் வினவவில்லை.

இணையத்தில் ஒரு பெண் இழிவுபடுத்தப்படும்போது நம்முன் உள்ள கடமைகள் தெளிவானவை. ஆதாரங்கள் அழிக்கப்படுமுன் முகவரியோடும் நாளோடும் அவற்றைப் பதிவுசெய்து பேண வேண்டும். கண்டிக்கும் நோக்கிலேனும் அப்படங்களை மீண்டும் பரப்பலாகாது. முறைப்பாடு செய்யச் செல்லும் பெண்ணுடன் குடும்பமும் சமூக அமைப்புகளும் துணை செல்ல வேண்டும். முறைப்பாடு உறங்கினால் இடைவிடாது வினவ வேண்டும். இலக்கானவர் நம் சமூகத்தவரா, பிற சமூகத்தவரா, நம் கருத்துக்கு மாறானவரா என்று பார்த்து நம் சினத்தை அளந்து கொடுப்போமாயின், நாமும் அக்கொடுமையை இலேசாக எண்ணியவர்களே ஆவோம்.