பட்டிப்பூவும் பனுவலும்: மூலிகை ஆய்வுகள் பற்றிய ஒரு சமூக நோக்கு

மூலிகைச் சாறுகளின் புற்றுநோய் எதிர்ப்பு, ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றல்களைச் சோதிக்கும் ஆய்வறிக்கைகள் இன்று பெருகியுள்ளன. அவற்றை மதிப்பிடுதல் விஞ்ஞானியருக்கு மட்டுமே உரியதெனக் கொள்ளல் தவறாகும். அறிக்கையும் ஒரு பனுவலே. அதற்கும் சமூகத் தளம் உண்டு, மௌனங்களும் உண்டு.

செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய யாழ்ப்பாண மருத்துவ நூல்கள் செய்யுளாலானவை. ஏடும் எழுத்தும் சிலர் கையிலேயே இருந்த சமூகத்தில், மருந்துச் சேர்மானம் பிறழாது நினைவில் நிற்க யாப்பு உதவிற்று. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவற்றை அச்சேற்றியமை, பரம்பரை வைத்தியரின் தனியுடைமையாயிருந்த அறிவைப் பொதுவுடைமையாக்கும் பணியாயிற்று. எனினும் நூல்கள் அரசரின் பெயரையே தாங்கின. வேரைக் கிண்டியெடுத்தவனின் பெயர் அவற்றில் இல்லை. இன்றைய அறிக்கையின் "தாவரம் சேகரிக்கப்பட்டது" என்னும் செயப்பாட்டுவினையும் அவனையே மறைக்கின்றது.

மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களின் மணலிலும் வளரக்கூடிய பட்டிப்பூவை (நித்தியகல்யாணி) எடுத்துக்கொள்வோம். யமேக்கா மக்கள் நீரிழிவுக்குப் பருகிய அதன் இலைகள் 1952இல் தபாலுறையொன்றில் கனடாவை அடைந்தன. மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் அச்சாற்றை எலிகளிற் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்ரின் வெளிப்பட்டது. "முன்னோர் யாவும் அறிந்திருந்தனர்" என்னும் பழம்பெருமைக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. தாவரமும் மடகஸ்காருக்கு உரியது. மக்கள் அனுபவம் வழியைக் காட்டியது. சோதனை அதனைத் திருத்தியது. ஆயின் இலாபம் மருந்துக் கம்பனிக்கே சென்றது.

மறுபுறம், ஆய்வுகூடத்தின் மிகைக்கூற்றும் கண்டிக்கற்பாலது. கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை இனக் கொடியொன்று ஆகியன சேர்ந்த கசாயம் ஈரற் புற்றுக் கலங்களைத் தாக்குவதாக இலங்கை ஆய்வாளர் 2005இல் வெளியிட்டனர். கிண்ணத்துக் கலத்துக்கும் நோயாளிக்கும் இடையிலான தூரம் பெரிது. சோதனைக் குழாயில் ஊதா நிறம் மங்குவதை வைத்து ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றலை அளப்பர். உடலில் அதன் விளைவு வேறாகலாம். பின்லாந்தில் 29,133 புகைப்பிடிப்போரிடை நடந்த பரிசோதனையில், பீற்றா கரோட்டீன் உட்கொண்டோரிடம் நுரையீரற் புற்று அதிகரித்தமை 1994இல் வெளிப்பட்டது.

இவ்வுண்மைகளை மறைப்பதன் விலையைச் செலுத்துபவன் வறிய நோயாளியே. ஒரு கிராம் வின்பிளாஸ்ரினுக்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். இலைச்சாறோ அளவறியா நஞ்சு. பத்திரிகைத் தலைப்பை நம்பிச் சாறு பருகி, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காலந்தாழ்த்திச் செல்பவன் இழப்பது உயிரை.

மயிலிட்டி மக்கள் 1990 யூனில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். துறைமுகமும் அதனையண்டிய நிலமும் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டன. நிலத்தை இழந்த மக்களிடம் செடியின் பெயரும் அது வளரும் இடமும் பற்றிய அறிவு இருபத்தேழு ஆண்டுகள் எவ்வாறு நிலைக்கும்? நிலவுரிமையைப் பேசாத மூலிகை ஆய்வு அரைகுறை ஆய்வேயாகும். அறிவைத் தந்தவரின் பெயர், சோதனையின் எல்லை, பயனில் மக்களின் பங்கு ஆகிய மூன்றையும் வெளிப்படக் கூறும் அறிக்கையே மக்கள் விஞ்ஞானத்தின் பனுவலாக அமையும்.