தோழி அறிந்த நிலம்

ஒரு பனியன் கப்பலேறி அயல்நாடு போகும்போது, பஞ்சை நூலாக்கிய மின்சாரமும் சாயத்தைக் காய்ச்சிய வெப்பமும் கண்ணுக்குத் தெரியாமல் அதனோடு போகின்றன என்கிறார்கள் பொருளியலார். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை, இப்படி நாடு தாண்டிப் போகும் பொருள்களைச் செய்வதில் வெளியாவதுதான் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வகுப்பில் நான் இதை ‘உள்ளுறை ஆற்றல்’ என்று சொல்வேன். அந்தச் சொல்லை எடுத்தால் தொல்காப்பியமும் கூடவே வந்துவிடும்.

தெய்வம் நீங்கலாக, நிலத்தின் கருப்பொருள்களை வைத்துச் சொல்லாததை உணர்த்துவது உள்ளுறை உவமம். யார் எதை வைத்துச் சொல்லலாம் என்பதற்கும் விதி உண்டு. தலைவி தான் அறிந்ததைக் கொண்டே சொல்ல வேண்டும். தோழி தன் நிலத்தைத் தாண்டக் கூடாது. தலைவனுக்கு அந்த வரம்பு இல்லை, அவன் தன் அறிவின் வலிமை தோன்றப் பேசலாம். பெண்ணின் அறிவுக்கு வேலி போடும் இந்த விதியைத் திட்டிக்கொண்டேதான் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இனியும் திட்டுவேன். ஆனால் உலக வணிகத்தின் ஆற்றல் கணக்குகளைப் படிக்கும்போது, அவை தலைவன் கூற்றாகவே கேட்கின்றன. எல்லா நிலத்தையும் பற்றிப் பேசுகின்றன, எந்த நிலத்திலும் கால் வைப்பதில்லை.

நான் இருக்கும் மூலக்கொத்தளத்தை, மொழிப்போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் இடமாகத்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். பக்கத்திலேயே பேசின் பாலம் மின்நிலையம். இங்கிருந்து வடக்கே போகப் போக மின்சாரத்தின் ஊர்கள்தான். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500. இவற்றுக்கு நிலக்கரி இறக்கவே 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. ராயபுரத்து வீடுகளில் படிந்த கரித்தூள் நீதிமன்றம் வரை போய், 2011-இல் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரியையும் எண்ணூருக்கே மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்துக்கு அது நியாயம். தூள் வடக்கே நகர்ந்தது, அவ்வளவுதான்.

திருப்பூர்ப் பனியனும் ஒரகடத்துக் காரும் இழுக்கும் மின்தொகுப்பு ஒன்றே. காற்றாலை மின்சாரமும் அதில் கலக்கிறது, ஆனால் காற்று விழும் மாதங்களில் நிலக்கரியிடம்தான் கை நீட்டுகிறோம். அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி, புகைபோக்கி வழியாகக் காற்றிலும் குளிர்விக்கும் நீர் வழியாகக் கழிமுகத்திலும் கலக்கிறது. உள்ளுறை ஆற்றலைக் கணக்கிடுகிறவர்கள் மின்சாரமாகாத அந்த வெப்பத்தையும் பொருளின் பேரில்தான் எழுதுகிறார்கள். கணக்கின்படி அது பனியனோடு போய்விட்டது. எங்கே போனது? கொசஸ்தலையாற்றின் வாயில் கிடக்கிறது. சாம்பலும் போகவில்லை. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அது செப்பாக்கத்தைச் சூழ்ந்த சாம்பல் குளத்தில் இருக்கிறது, குழாய் உடைந்தால் ஆற்றிலும் கிடக்கும். நிலத்தில் கிடப்பதைப் பொருளுக்குள் ‘உறைந்திருப்பதாக’ எழுதுவதே ஓர் ஒளிப்பு என்பதுதான் இந்தக் கருத்தாக்கத்தின் மேல் என் முதல் விமர்சனம்.

இறக்குமதிக்கும் இதே கதைதான். வேறொரு நாட்டில் இயற்கை எரிவாயுவைச் செலவழித்துச் செய்த அம்மோனியா கப்பலில் வருகிறது, உரமாக. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அது கசிந்தபோது ஊரே தெருவுக்கு வந்தது.

இன்னொன்று, பெண்களாக நாம் கேட்க வேண்டியது. இந்தக் கணக்குகள் பெரும்பாலானவற்றில் மனித உடலின் உழைப்பு ஆற்றலாகச் சேர்வதில்லை. தையல் எந்திரத்தின் மோட்டார் சேரும், அதை இயக்குகிறவளின் தோள் சேராது. கரியைத் துடைத்து, மறுநாள் மறுபடி துடைக்கும் கைக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. ஆனால் பழி பகிரும் நேரத்தில் ‘நுகர்வோர்’ என்ற பெயரில் கடைக்குப் போகும் பெண்ணின் படத்தைத்தான் போடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் எல்லைக் கரிம வரியையும் பாருங்கள். 2023 அக்டோபரில் அறிக்கை தருவது கட்டாயமானது, 2026 ஜனவரியில் கட்டணக் கட்டம் தொடங்கியது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஆலையின் நேரடிப் புகைதான் கணக்கு, வாங்கிய மின்சாரத்தின் புகை சேராது. துணி பட்டியலிலேயே இல்லை. ஆக, ஒளிந்திருப்பதை வெளிக்கொணரும் சட்டத்திலும் அனல்மின் நிலையம் ஒளிந்துகொள்கிறது. வசூலாகும் பணமும் ஐரோப்பாவின் கருவூலங்களுக்கே. ஏழை நாட்டு ஏற்றுமதியை நசுக்கும் வரி என்று இந்திய அரசு எதிர்க்கிறது. அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதே அரசின் கணக்கிலும் செப்பாக்கம் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் நான் கைதட்டுவேன்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் வலையில்லாமல் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். உள்ளுறை நடத்திய அன்று, அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சுடுதண்ணி வர்ற பக்கம் எங்க ஆயா கையே வைக்க மாட்டாங்க மிஸ். அங்க இறால் நிக்காது.” எந்தத் திட்டில், எந்த மாதத்திலிருந்து என்று கேட்டேன். நிலையத்தின் எந்த அலகு ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்பதைக்கூட ஆயா தண்ணீரை வைத்தே சொல்லிவிடுவார் என்றாள். கரும்பலகையில் ‘தோழி’ என்று எழுதியிருந்ததன் கீழே அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.