நெருப்பு எப்படிப் புடிச்சது?

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. ‘மாற்றத்துக்குத் தயாராவது எப்படி’ என்று தலைப்பு. வந்தவர் கதையோடு ஆரம்பித்தார். நடுக்கடலில் எண்ணெய்த் தளம் எரிகிறது. விளிம்பில் ஒரு தொழிலாளி. நின்றால் சாவு, குதித்தால் ஒருவேளை பிழைக்கலாம். குதித்தான், பிழைத்தான். “நம்ம கம்பெனியும் எரியுற தளந்தான். குதிக்கத் தயாரா?” என்று முடித்தார். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “சார், நெருப்பு எப்படிப் புடிச்சது?” “அது சும்மா ஒரு உதாரணம்மா” என்றார் அவர்.

சும்மா உதாரணம் இல்லை. 1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற தளம் எரிந்தது. 167 பேர் செத்தார்கள். தப்பியவர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னதை டேரில் கானர் என்ற அமெரிக்க ஆலோசகர் நிர்வாகிகளுக்கான உவமையாக்கினார். 1996இல் ஜான் காட்டரின் ‘லீடிங் சேஞ்ச்’ வந்தது. நிறுவன மாற்றத்துக்கு எட்டுப் படிகள். முதல் படி, அவசர உணர்வை உண்டாக்குவது. அவர் படியையும் இவர் உவமையையும் ஒட்டிப் பேசுவது வழக்கமாயிற்று. 167 பிணங்கள் கதையிலிருந்து கழன்று விழுந்தன.

இந்தப் புத்தகங்களைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மேலிருந்து உத்தரவு போட்டால் மட்டும் எதுவும் மாறாது, நிர்வாகம் தானே நடந்துகாட்ட வேண்டும் என்கிறார் காட்டர். சரிதான். கானரும், உறுதியைத்தான் சொன்னேன், பயமுறுத்தச் சொல்லவில்லை என்று பிற்பாடு விளக்கினார். ஆனால் இந்த வகை எழுத்தின் பார்வை எங்கிருந்து தொடங்குகிறது? மாறத் தெரிந்தவர் மேலே, தயங்குகிறவர் கீழே. தயக்கத்துக்கு ‘எதிர்ப்பு’ என்று பேர் வைத்து, அதைக் களையும் வழியைச் சொல்லித் தருகிறார்கள். தயங்குகிறவருக்கு ஏதாவது தெரிந்திருக்கலாமே என்ற நினைப்பு அரிது.

அக்கா கேட்டதற்குப் பதில் வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. 1990இல் நீதிபதி கல்லன் பிரபு தந்த விசாரணை அறிக்கை. பழுதுபார்க்க ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் சேதி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. பம்பை ஓட்டினார்கள், வாயு கசிந்து வெடித்தது. குழாய்வழி இணைந்திருந்த பக்கத்துத் தளங்கள் உடனே நிறுத்தவில்லை. கல்லன் 106 பரிந்துரைகள் எழுதினார், அத்தனையும் ஏற்கப்பட்டன. ஆபத்து எங்கே இருக்கிறது, எப்படித் தடுப்போம் என்று நிறுவனமே எழுதிக்காட்ட வேண்டும் என்று 1992இல் பிரிட்டனில் விதி வந்தது. இதுவும் நிறுவன மாற்றம்தானே? இது தொழிலாளியைக் குதிக்கச் சொல்லவில்லை. தளத்தை மாற்றச் சொன்னது.

உவமை நம்ம ஊரையும் தொட்டது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலாப் ஊழியர்களுக்கு அனுப்பிய மடல் இதே கதையோடுதான் தொடங்கியது. அந்த மாதமே மைக்ரோசாஃப்டுடன் கூட்டு அறிவிப்பு. 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரித் தகராறில் சிக்கி, விற்பனையில் சேராமல் நின்றது; 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2006 முதல் அங்கே இளம்பெண்கள் உட்படப் பல ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆலையை மூடியது அந்த மடல் மட்டுமல்ல. ஆனால் குதிப்பது என்று முடிவெடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை. தண்ணீரில் விழுந்தவர்கள் அவர்கள்.

இன்று நம் பிள்ளைகள் மேலாண்மை படிக்கிறார்கள். காட்டரைப் படிக்கட்டும். பக்கத்திலேயே கல்லன் அறிக்கையையும் வைத்துப் படிக்கட்டும். ஒன்று மாற்றத்தை எப்படி நடத்துவது என்று சொல்லும்; மற்றது யார் பேச்சைக் கேட்காததால் மாற்றம் தேவைப்பட்டது என்று சொல்லும். வகுப்பில் யாராவது எரியுற தளத்தின் கதையை எடுத்தால், கையைத் தூக்கி அந்த அக்கா கேட்டதையே கேளுங்க. சும்மா உதாரணம்னு சொன்னா, 167 பேர் செத்ததைச் சொல்லிட்டு மறுபடியும் கேளுங்க.